நீதிபதிகளுக்கும் தேர்தலா?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

தேர்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சுவரொட்டிகளும், ஒலிபெருக்கிகளும், ‘போடுங்கம்மா ஓட்டு’ என்ற முழக்கமும் ஆகும். நீதிமன்றம் என்றவுடன் நினைவுக்கு வருவதோ அமைதி. கையில் தராசு ஏந்திக் கண்களைக் கட்டிக்கொண்டு நிற்கும் நீதி தேவதையின் உருவம். இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தால் எப்படி இருக்கும்? நீதிபதியும் வீடு வீடாக வாக்குக் கேட்டு வந்தால்? அவருக்கும் சுவரொட்டி, விளம்பரம், தேர்தல் நிதி எல்லாம் இருந்தால்?

இது கற்பனையன்று. நம் பாரத நாட்டில் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நாம் அவர்களுக்கு வாக்களிப்பதில்லை. அமெரிக்காவிலும் நாடு முழுமைக்கும் உரிய கூட்டாட்சி நீதிபதிகளை அந்நாட்டுக் குடியரசுத் தலைவரே செனட் சபையின் ஒப்புதலோடு நியமிக்கிறார். ஆனால் அங்குள்ள 50 மாநிலங்களில் 38-இல், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏதேனும் ஒரு வகையில் மக்களின் வாக்கைச் சந்தித்தாக வேண்டும். அமெரிக்காவில் தொடரப்படும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை மாநில நீதிமன்றங்களில்தான் நடைபெறுகின்றன. நிலத்தகராறு, விபத்து இழப்பீடு, தொழிலாளர் வழக்கு, மணமுறிவு, திருட்டு, கொலை ஆகிய யாவும் அங்கேதான் தீர்க்கப்படுகின்றன. ஆகவே இத்தேர்தல்கள் சாதாரண மக்களின் வாழ்வை நேரடியாகத் தொடுகின்றன. இவற்றில் என்ன குறை நேர்ந்தது, அதை எவ்வாறு திருத்தலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தேர்தல் முறை வந்த வரலாறு

அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில் மாநில நீதிபதிகளை ஆளுநரோ சட்டமன்றமோதான் தேர்ந்தெடுத்தது. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத் தலைவர். நம் முதலமைச்சரைப் போன்றவர். நாளடைவில் பதவியிலிருந்தோர் தம் நண்பர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் நீதிபதிப் பதவியைப் பரிசு போல் வழங்கத் தொடங்கினர். மக்கள் மனம் வெறுத்தனர். ‘நீதிபதியை நாமே தேர்ந்தெடுத்தால் அவர் ஆட்சியாளருக்கு அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?’ என்று எண்ணினர். 1832-ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கும் முறையை முதன்முதலாகக் கொண்டு வந்தது. 1846-இல் நியூயார்க் மாநிலமும் இம்முறையை ஏற்றது. பின்னர் பல மாநிலங்கள் அதனைப் பின்பற்றின.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிபதிகளை அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து விடுவிப்பதற்காகவே தேர்தல் முறை வந்தது. அதுவே அந்நாளின் பெரிய சீர்திருத்தம். ஆனால் தேர்தல் வந்ததும் கட்சிகள் பின்னாலேயே வந்துவிட்டன. மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் நகரில் டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தலைவர் யாரைக் கைகாட்டினாரோ அவரே பதவிக்கு வரும் நிலை இருந்தது. இதனைக் கண்டு சலிப்புற்ற அம்மாநில மக்கள் 1940-இல் ஒரு புதிய திட்டத்தை வாக்களித்து ஏற்றனர். அது ‘மிசௌரித் திட்டம்’ எனப்படுகிறது.

இன்று தேர்தலில் மூன்று வகைகள் உள்ளன. முதலாவது, கட்சிச் சின்னத்தோடு நடைபெறும் தேர்தல். இரண்டாவது, வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இல்லாமல் நடைபெறும் தேர்தல். மூன்றாவது, ஏற்கெனவே பதவியிலுள்ள நீதிபதி தொடரலாமா, வேண்டாமா என்று மட்டும் மக்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எனக் கூறும் வாக்கெடுப்பு. இம்மூன்றாவது வகையில் எதிர் வேட்பாளர் கிடையாது.

நிலக்கரி வழக்கு

பணம் நீதிமன்றத்தினுள் எப்படி நுழைகிறது என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவில் நிகழ்ந்த ஒரு வழக்கு தக்க சான்றாகும்.

அம்மாநிலம் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்தது. ஹ்யூ கேப்பர்டன் என்பவர் அங்கே சிறியதொரு சுரங்க நிறுவனத்தை நடத்தி வந்தார். மாஸ்ஸி என்ற பெரிய நிலக்கரி நிறுவனம் ஒப்பந்த விஷயத்தில் தம்மை ஏமாற்றித் தம் தொழிலையே அழித்துவிட்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 2002-ஆம் ஆண்டில் நடுவர் குழு அவருக்குச் சாதகமாக 5 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

மாஸ்ஸி நிறுவனம் மேல்முறையீடு செய்ய எண்ணியது. மேல்முறையீடு செல்ல வேண்டிய இடம் மாநில உச்ச நீதிமன்றம். அங்கே இருப்பவர்கள் ஐந்தே நீதிபதிகள். அவர்களுள் ஒருவராகிய வாரன் மெக்ரா 2004-இல் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவரை எதிர்த்து நின்றவர் பிரெண்ட் பெஞ்சமின் என்ற வழக்கறிஞர். மாஸ்ஸி நிறுவனத்தின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், பெஞ்சமின் வெற்றி பெறுவதற்காக ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டார். பெஞ்சமினை ஆதரித்த மற்ற எல்லோரும் செலவிட்டதைக் கூட்டினாலும் அவ்வளவு வராது!

சட்டப்படி ஒருவர் வேட்பாளருக்கு நேரடியாக 1,000 டாலர் மட்டுமே கொடுக்க முடியும். மீதிப் பணத்தில் பெரும்பகுதி ‘குழந்தைகளை முன்னிட்டு’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் அமைப்பின் வழியாகச் சென்றது. அவ்வமைப்பின் விளம்பரங்கள் நிலக்கரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழந்தைகளுக்குத் தீங்கிழைத்த ஒரு குற்றவாளியிடம் மெக்ரா மென்மையாக நடந்துகொண்டார் என்றே அவை முழங்கின. வாக்களித்த தாய்மார்களில் எத்தனை பேர் அந்த விளம்பரத்தின் பின்னால் ஒரு சுரங்க முதலாளியின் வழக்கு இருந்தது என்பதை அறிந்திருப்பர்?

பெஞ்சமின் வென்றார். வழக்கு அவர் முன்னிலைக்கு வந்தபோது, அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று கேப்பர்டன் கேட்டார். பெஞ்சமின் மறுத்தார். மும்முறை கேட்டும் மும்முறையும் மறுத்தார். இறுதியில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அந்த 5 கோடி டாலர் தீர்ப்பு தள்ளுபடி செய்யப்பட்டது. அந்த மூவருள் பெஞ்சமினும் ஒருவர்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2009-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அந்நீதிமன்றம், பெஞ்சமின் விலகியிருக்க வேண்டும் என்று கூறியது. அவர் மனத்தில் ஓரவஞ்சனை இருந்தது என்று எவரும் மெய்ப்பிக்கத் தேவையில்லை; அத்தகைய ஓரவஞ்சனைக்குப் பெரும் வாய்ப்பு இருந்தாலே போதும் என்பது தீர்ப்பின் சாரம். ஆயினும் எவ்வளவு பணம் கொடுத்தால் விலக வேண்டும், எத்தனை ஆண்டுகள் வரை விலக வேண்டும் என்பன போன்ற 40 வினாக்களைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் அடுக்கினார். அவற்றுக்கு விடை காண்பது எளிதன்று.

இவ்வழக்கின் முடிவும் சிந்திக்கத் தக்கது. 2009-இன் இறுதியில் பெஞ்சமின் இல்லாமல் மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் விசாரித்தது. அப்போதும் கேப்பர்டன் தோற்றார்! ஒப்பந்தத்தின்படி வழக்கு வேறு மாநிலத்தில் தொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படியானால் இத்தனை போராட்டமும் வீணா? வீண் என்று கூறுவதற்கில்லை. வழக்கு என்றால் ஒருவர் தோற்றே தீர வேண்டும். ‘என் பேச்சைக் கேட்டார்கள், ஆனால் சட்டம் எனக்குச் சாதகமாக இல்லை’ என்று எண்ணி வீடு திரும்புபவன் அடுத்த நாளும் சட்டத்தை மதிப்பான். ‘என் எதிரி நீதிபதியை விலைக்கு வாங்கிவிட்டான்’ என்று எண்ணித் திரும்புபவன் இனி எதை மதிப்பான்? நீதிமன்றத்துக்குப் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. மக்களின் நம்பிக்கை ஒன்றே அதன் சொத்து.

கோடிகள் புரளும் களம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் வழங்கிய வேறொரு தீர்ப்பு, நிறுவனங்களும் சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் தாமாகவே செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு விதிக்க முடியாது என்று கூறியது. அதன் பின்னர் நீதிபதித் தேர்தல்களில் பணம் மேலும் பெருகியது. விஸ்கான்சின் மாநிலத்தில் 2023-இல் ஒரே ஒரு நீதிபதிப் பதவிக்கான தேர்தலில் 5 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. அதே மாநிலத்தில் 2025 ஏப்ரல் முதல் நாள் நடந்த தேர்தலில் அது ஏறத்தாழ 10 கோடி டாலராயிற்று. நம் பணத்தில் 800 கோடி ரூபாய்க்கும் மேல்! அமெரிக்க வரலாற்றிலேயே அதிகச் செலவில் நடந்த நீதிபதித் தேர்தல் அதுவே. பெருஞ்செல்வர் ஈலான் மஸ்க்கும் அவரைச் சார்ந்த அமைப்புகளும் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் செலவிட்டனர். எதிர்த் தரப்பிலும் பெருஞ்செல்வர்கள் இருந்தனர். மஸ்க் ஆதரித்த பிராட் ஷிமெல் தோற்றார். சூசன் கிராஃபோர்ட் வென்றார்.

பணம் கொடுத்தவர் தோற்றுவிட்டாரே, பிறகென்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். வென்றவருக்கும் யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்பதே கவலை. காப்பீட்டு நிறுவனங்கள், தொழிலதிபர்கள், வழக்கறிஞர் கூட்டங்கள், தொழிற்சங்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பினரும் நாளை அதே நீதிபதியின் முன் கைகட்டி நிற்கப் போகிறவர்கள். இன்று கொடுத்தவரை நாளை மறப்பதற்கு ஒருவர் எவ்வளவு உறுதி படைத்தவராக இருக்க வேண்டும்!

கூட்டத்தின் குரல்

பணம் மட்டுமே ஆபத்து என்று கூற முடியாது. கூட்டத்துக்கு அஞ்சுவதும் ஆபத்துதான். போஞ்சு பிலாத்து நம் ஆண்டவரிடம் குற்றம் ஏதும் காணவில்லை. ஆயினும் வெளியே கூக்குரலிட்ட மக்களைத் திருப்திப்படுத்த எண்ணிக் கைகளைக் கழுவிவிட்டு, அவரைச் சிலுவைச் சாவுக்குக் கையளித்தான். அவன் பணம் வாங்கவில்லை, கூட்டத்துக்குப் பயந்தான். அவ்வளவே.

பென்சில்வேனியா மாநிலத்து நீதிபதிகளைப் பற்றி 2004-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தேர்தல் நெருங்க நெருங்க அவர்கள் விதிக்கும் சிறைத் தண்டனையின் காலம் நீள்வதைக் காட்டியது. ஒரே குற்றத்தைச் செய்த இருவரில், தேர்தல் முடிந்தபின் நீதிமன்றம் வந்தவனுக்குக் குறைந்த தண்டனை, தேர்தலுக்கு முன் வந்தவனுக்குக் கூடிய தண்டனை என்றால், அது எவ்வகை நீதி?

அயோவா மாநிலத்தில் 2009-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எழுவரும் ஒருமனதாகத் திருமணச் சட்டம் பற்றி ஒரு தீர்ப்பை வழங்கினர். அது பலருக்குச் சினமூட்டியது. அடுத்த ஆண்டு வாக்கெடுப்பைச் சந்தித்த மூன்று நீதிபதிகளையும் மக்கள் பதவியிலிருந்து நீக்கினர். வெளி மாநில அமைப்புகள் அதற்காகப் பெரும்பணம் செலவிட்டன. அம்மூவரும் தேர்தல் நிதி திரட்டவில்லை, பிரசாரமும் செய்யவில்லை. அதனால் நீதிமன்றத்தின் மாண்பு கெடும் என்று கருதினர். கத்தோலிக்கரான குடியரசுத் தலைவர் கென்னடியின் நினைவாக வழங்கப்படும் துணிவுக்கான விருது 2012-இல் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. அத்தீர்ப்பை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். பதவி போகும் என்று அறிந்தும் தம் மனச்சாட்சிக்குச் சட்டம் எவ்வாறு தோன்றியதோ அவ்வாறே கூறிய துணிவை மறுக்க இயலாது.

நாணயத்தின் மறுபக்கம்

அப்படியானால் தேர்தலையே ஒழித்துவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். லூசியானா மாநிலத்தின் கதையையும் கேட்போம்.

அம்மாநிலத்தில் மாவட்டங்களைப் ‘பாரிஷ்’ என்று அழைக்கிறார்கள்; அதாவது, பங்கு. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலங்களில் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குகளை ஒட்டி எழுந்த பெயர் அது. மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஏழு நீதிபதிகள். ஐந்து தொகுதிகளுக்கு ஒவ்வொருவரும், ஒரு தொகுதிக்கு மட்டும் இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்த இரட்டைத் தொகுதியில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் அமைந்த ஆர்லியன்ஸ் பாரிஷும், வேறு மூன்று பாரிஷ்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஆர்லியன்ஸ் வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். மற்ற மூன்று பாரிஷ்களிலோ முக்காற்பங்குக்கு மேல் வெள்ளையர். நான்கையும் ஒன்றாக எண்ணும்போது கறுப்பின மக்களின் வாக்கு ஒவ்வொரு முறையும் அமுங்கிப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் 1990 வரை அம்மன்றத்துக்கு ஒரு கறுப்பினத்தவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

அவர்கள் வாக்குரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தனர். அச்சட்டத்தில் ‘பிரதிநிதிகள்’ என்ற சொல் இருந்தது. ‘நீதிபதி எவருக்கும் பிரதிநிதி அல்லர், ஆகவே அச்சட்டம் நீதிபதித் தேர்தலுக்குப் பொருந்தாது’ என்று எதிர்த் தரப்பில் வாதாடினர். 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மக்களின் வாக்கால் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அச்சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன் பயனாக ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1992-இல் ரேவியஸ் ஆர்ட்டிக் அம்மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். 1994-இல் பெர்னெட் ஜான்சன் என்ற பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் 2013-இல் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்து 2020 வரை பணியாற்றினார்.

எளிய மக்களுக்குத் தேர்தல் ஒரு கதவாகவும் இருந்திருக்கிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எல்லா நீதிபதிகளும் ஒரே வகுப்பிலிருந்து, ஒரே நிறத்திலிருந்து வந்தால், வெளியே நிற்கும் மக்கள் ‘இந்த மன்றம் நமக்கும் உரியது’ என்று எப்படி எண்ணுவர்?

திருத்தும் வழிகள்

குறையையும் நிறையையும் பார்த்தோம். இனி அறிஞர்களும் சில மாநிலங்களும் கூறும் வழிகளைக் காண்போம்.

1. அரசே தேர்தல் நிதி வழங்குதல்: வேட்பாளர் பலரிடம் சிறு தொகைகளைத் திரட்டித் தமக்கு ஆதரவு உண்டு என்று காட்ட வேண்டும், செலவு வரம்புக்கு உடன்பட வேண்டும். பிறகு அரசு அவருக்கு நிதி வழங்கும். வட கரோலினாவில் 2004 முதல் இம்முறை நடந்தது. 2013-இல் சட்டமன்றம் அதனை நீக்கிவிட்டது. விஸ்கான்சின் 2009-இல் கொண்டு வந்து 2011-இல் கைவிட்டது. அதன் விளைவை மேலே கண்டோம். மேற்கு வர்ஜீனியாவோ நிலக்கரி வழக்கால் பாடம் கற்று, 2012-இல் சோதனையாகத் தொடங்கி 2013-இல் நிலையாக்கியது. வெளியார் தாமாகச் செய்யும் செலவை இது தடுக்காது. ஆனாலும் வேட்பாளர் எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

2. கையேந்தத் தடை: நீதிபதி வேட்பாளர் தாமே நேரில் பணம் கேட்கக்கூடாது என்று மாநிலங்கள் விதிக்கலாம் என 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

3. விலகும் விதி: தமக்காகப் பெருந்தொகை செலவிட்டவரின் வழக்கை நீதிபதி விசாரிக்கக் கூடாது. விலக வேண்டுமா என்பதையும் அவரே முடிவு செய்யாமல் வேறொரு நீதிபதி முடிவு செய்ய வேண்டும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியுமா?

4. வெளிப்படை: அழகிய பெயர் சூட்டிய அமைப்புகளின் பின்னால் இருப்பவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்பது வாக்கெடுப்புக்கு முன்னரே மக்களுக்குத் தெரிய வேண்டும்.

5. ஒரே நீண்ட பதவிக்காலம்: மறுபடியும் வாக்குக் கேட்க வேண்டாம் என்றால், தீர்ப்பெழுதும்போது அடுத்த தேர்தலின் நினைவு வராது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆளுநரால் நியமிக்கப்படும் நீதிபதிகள் 70 வயது வரை பணியாற்றுகின்றனர்.

6. தெரிவுக் குழு: மிசௌரியில் எழுவர் கொண்ட குழு உண்டு. அதில் நீதிபதி ஒருவர், வழக்கறிஞர் மூவர், பொதுமக்கள் மூவர். அவர்கள் மூன்று பெயர்களைத் தருவர். ஆளுநர் ஒருவரை நியமிப்பார். பின்னர் மக்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்று கூறுவர். இது வழக்கறிஞர்களின் தனிக் கூட்டமாகிவிடுகிறது என்ற குறையும் கூறப்படுகிறது. குழுவில் பெண்களும், சிறுபான்மையினரும், பல தொழில் செய்வோரும் இடம்பெற்றால் அக்குறை நீங்கும்.

7. வாக்காளர் அறிவு: வாஷிங்டன் மாநிலத்தில் வேட்பாளர்களின் விவரங்கள் அடங்கிய புத்தகத்தை அரசே ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புகிறது. அறிந்து வாக்களிப்பவரை விளம்பரத்தால் ஏமாற்றுவது கடினம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். 1981-இல் பதவியேற்ற அவர் 2006-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் நாடெங்கும் சென்று, நீதிபதித் தேர்தலில் புரளும் பணத்தைக் கண்டித்துப் பேசினார்; தெரிவுக் குழு முறையை ஆதரித்தார். அத்துடன் மாணவ மாணவியர் அரசியலமைப்பையும் நீதிமன்றத்தையும் பற்றிக் கற்பதற்காக 2009-இல் ‘ஐசிவிக்ஸ்’ என்ற கல்விப் பணியைத் தொடங்கினார். 2023-இல் காலமானார். சட்டத்தைத் திருத்துவதோடு, வருங்கால வாக்காளரையும் உருவாக்க வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

முடிவுரை

தெரிவுக் குழுவும் ஒரே நீண்ட பதவிக்காலமும் சேர்ந்ததே சிறந்த வழி என்பது என் தாழ்மையான கருத்து. ஆனால் லூசியானாவை மறந்துவிட்டு அதனைச் செய்யக்கூடாது. குழுவின் கதவு எளியவருக்கும் திறந்திருக்க வேண்டும். தேர்தலே வேண்டும் என்று நினைக்கும் மாநிலங்கள், அரசு நிதியையும் விலகும் விதியையும் உடனே ஏற்க வேண்டும். எந்த முறையானாலும் அதைத் தீயவர் வளைக்கப் பார்ப்பர். 1832-இன் சீர்திருத்தம் 1940-இல் சீர்திருத்தப்பட வேண்டியதாயிற்று என்பதை மறவாதிருப்போம்.

அன்புத் தோழியரே, நம்முள் சிலர் நாளை வழக்கறிஞராகலாம். ஒருத்தி நீதிபதியாகவும் அமரலாம். மற்ற எல்லோரும் வாக்காளர்களாவோம். நீதிபதியின் முன் நிற்கும் ஏழை ஒருவன், ‘எனக்காக இங்கே யாரும் பணம் கட்டவில்லை, ஆயினும் என் பேச்சு கேட்கப்படும்’ என்று அஞ்சாமல் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைக் காப்பது சட்டத்தின் கடமை மட்டுமன்று, நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.